தூரமும் நேரமும்: கண்டிச் சீமைப் பயணங்கள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

கட்டுநாயக்க விமான நிலையத்திற்கும் திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திற்கும் இடைப்பட்ட வான்வழித் தூரம் ஏறத்தாழ 420 கிலோமீற்றர். பறப்பு நேரம் ஒரு மணித்தியாலமளவு. கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குத் தூரம் ஏறத்தாழ 650 கிலோமீற்றர்; டுபாய்க்கு ஏறத்தாழ 3,290 கிலோமீற்றர். முன்னதற்கு ஒன்றேகால் மணித்தியாலமும் பின்னதற்கு நாலரை மணித்தியாலமும் செல்லும் என்பர். இவ்வெண்கள் கணக்கிடப்படும் முறை எளிதானது. பூகோளத்தின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வில்லே வான்வழித் தூரமாகக் கொள்ளப்படுகின்றது. விமானம் அவ்வில்லின் மீதே அச்சொட்டாகப் பறப்பதில்லை. வகுக்கப்பட்ட வான்பாதைகள், காற்றின் திசை, ஏறுதற்கும் இறங்குதற்கும் வேண்டிய நேரம், ஓடுபாதையிற் காத்து நிற்கும் நேரம் என்பன சேர்ந்தே பயண நேரத்தை நிருணயிக்கின்றன. மேற்கிலிருந்து வீசும் உயர்வான் காற்றின் காரணமாக, கொழும்பிலிருந்து இலண்டனுக்குச் செல்லும் நேரம் அங்கிருந்து திரும்பும் நேரத்தினும் பெரும்பாலும் கூடியதாகவே இருக்கும். தூரம் மாறாதிருப்பினும் நேரம் மாறும் என்பதற்கு இயற்கையே தரும் சான்று இது.

ஆயின் இக்கட்டுரையின் நோக்கம் காற்றைப் பற்றியதன்று. ஒரே தூரம் வெவ்வேறு மனிதருக்கு வெவ்வேறு நேரமாக அமைவதற்குக் காற்றினும் வலிய பிறிதொரு காரணம் உண்டு. அது சமூக உறவு. கண்டி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவரையும் கண்டி நகரத்து வணிகர் ஒருவரையும் எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் திருச்சி 420 கிலோமீற்றர்தான். ஆனால் அத்தூரத்தைக் கடக்க இருவரின் குடும்பங்களுக்கும் சென்ற காலம் ஒன்றாக இருந்ததில்லை. போக்குவரத்துச் சாதனங்களின் வளர்ச்சியை நாகரிகத்தின் பொதுவான முன்னேற்றமென வருணிக்கும் வரலாறுகள் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை.

முதலாளித்துவம் தன் சந்தையை விரிக்குந்தோறும் இடத்தைக் காலத்தாற் சுருக்கிக்கொள்ள முயல்கின்றது எனக் கார்ல் மார்க்ஸ் 1857–58 ஆம் ஆண்டுகளில் எழுதிய கையெழுத்துப் படிகளிற் குறிப்பிட்டார். மூலதனத்தின் சுற்றோட்டத்தில் வழியிற் கழியும் ஒவ்வொரு நாளும் நட்டமே என்பதால், வேகம் மூலதனத்தின் உட்தேவையாகின்றது. இக்கருத்தை ஏற்கும் நாம் அதனுடன் ஒரு வினாவையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்: எதனுடைய வழி முதலிற் சுருங்கிற்று, எவருடைய வழி கடைசியிற் சுருங்கிற்று? கண்டியின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகின்றது.

2

1815க்கு முற்பட்ட கண்டி இராச்சியத்திலே தூரம் ஓர் அரணாக இருந்தது. கரையோரத்தைப் போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் அதன் பின்னர் ஆங்கிலேயரும் கைப்பற்றியிருந்த காலத்திலும் மலையிராச்சியம் நின்று நிலைத்தமைக்கு மலையும் காடும் மட்டுமே காரணமல்ல. பாதைகளை அகலப்படுத்தாது விடுவதும், கணவாய்களில் முட்கதவுகள் அமைத்துக் காவல் வைப்பதும் அரசின் திட்டமிட்ட கொள்கையாக இருந்தன. 1660 முதல் 1679 வரை கண்டிப் பிரதேசத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் இக்காவல்களைப் பற்றிய விவரங்கள் உள்ளன. பாறையைத் துளைத்து வழி செய்பவனே கண்டியை வெல்வான் என்றொரு ஐதிகமும் கடுகண்ணாவைப் பகுதியில் வழங்கி வந்துள்ளது. நிலப்பிரபுத்துவ அரசு மெதுவான வழியால் தன்னைக் காத்துக்கொண்டது என்பதே அவ்வைதிகத்தின் பொருளெனலாம்.

எனினும் கண்டி தமிழகத்திற்கு எட்டாத இடமாக இருக்கவில்லை. கண்டி மன்னர் மதுரைப் பக்கத்திலிருந்து மணப்பெண்களைப் பெற்றனர். 1739 முதல் 1815 வரை ஆண்ட மன்னர் நால்வரும் நாயக்கர் வழிவந்தோராவர். கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆங்கிலேயராற் பிடிக்கப்பட்டு, 1816இற் கப்பலில் ஏற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையிற் சிறைவைக்கப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். அரச குடும்பத்தவர் தென்னிந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டு ஒரு தசாப்தம் கழிவதற்குள், அதே கடலின் மறுகரையிலிருந்து கண்டியை நோக்கிக் கூலித் தொழிலாளர் நடக்கத் தொடங்கிவிட்டனர்.

3

ஜோர்ஜ் பேர்ட் 1820களின் முற்பகுதியிற் கம்பளைக்கருகே கோப்பித் தோட்டம் அமைத்தான். தேசாதிபதி எட்வேட் பார்ண்ஸ் தானே கன்னொறுவையிற் கோப்பி பயிரிட்டான். கொழும்பு–கண்டிப் பாதையை அமைத்தவனும் அவனே. கடுகண்ணாவைக் கணவாயூடாகச் செல்லும் அப்பாதையின் பொறியியலாளனான கப்டன் டோசன் 1829இல் இறந்தான். அவன் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கின்றது. பாறையை உடைத்தும் மண் சுமந்தும் பாதையை உருவாக்கிய இராஜகாரிய உழைப்பாளர் எவருக்கும் கோபுரமில்லை. சம்பளமற்ற அவ்வூழியத்தைக் கொண்டு பாதை அமைக்கப்பட்ட பின்னரே, 1832இல், இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. அதே ஆண்டிற் கொழும்பிலிருந்து கண்டிக்குக் குதிரைத் தபால் வண்டியும் ஓடத் தொடங்கிற்று. நாட்கணக்கான நடை, வண்டியிற் செல்லக்கூடியவருக்கு ஒரு பகற்பொழுதாகக் குறுகியது.

ஆயினும் கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டியிலேயே துறைமுகத்தை அடைந்தன. மழைக்காலத்தில் வண்டிகள் வழியில் வாரக்கணக்கிலும் நின்றன. 1854இற் கண்டியிலே தோன்றிய தோட்டத்துரைமார் சங்கத்தின் தலையாய கோரிக்கைகளுள் ஒன்று புகையிரதப் பாதை ஆகும். 1867இற் கொழும்பு–கண்டிப் புகையிரதப் பாதை முற்றுப்பெற்றது. பாதை பின்னர் சென்ற திசையே அதன் நோக்கத்தைக் காட்டும்: 1874இல் நாவலப்பிட்டி, 1880இல் மாத்தளை, 1885இல் நானுஓயா, 1894இற் பண்டாரவளை. மக்கள் செறிந்து வாழ்ந்த ஊர்களைத் தேடியன்று, கோப்பியும் பின்னர் தேயிலையும் விளைந்த சரிவுகளைத் தேடியே பாதை மலையேறிற்று. புகையிரதம் கண்டியை அடைந்த அதே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கேவாகெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துறைத் தோட்டத்தில் வணிக நோக்கிலான முதலாவது தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினான். 1869இற் கோப்பியைத் தாக்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. ஆனால் பாதை எஞ்சியது. அதே ஆண்டிற் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டு இலண்டன் சந்தை மேலும் அண்மித்தது. அழிந்த பயிருக்கென இடப்பட்ட பாதை புதிய பயிரைச் சுமந்தது.

4

இப்போது அப்பயிர்களை விளைவித்தோர் வந்த வழியை நோக்குவோம்.

திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து புறப்பட்டோர், கங்காணியின் பின்னே கால்நடையாகக் கடற்கரையை அடைந்து, தோணியில் மன்னாரை நோக்கிக் கடந்து, அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். மன்னாருக்கும் மாத்தளைக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 150 மைல். கைக்குழந்தையும் சட்டிபானையும் சுமந்து நாளொன்றுக்குப் பன்னிரண்டு மைல் நடந்தாலும், இந்தப் பகுதிக்கு மட்டும் இருவார காலம் செல்லும். வழியெங்கும் வறண்ட காடு, குடிநீர் அரிது, வாந்திபேதியும் மலேரியாவும் பெரியம்மையும் மிகுதி. நோயுற்றவரைக் கூட்டம் விட்டுச் சென்றது. 1840களில் இவ்வாறு வந்தோருள் 70,000 பேர் மாண்டனரென 1849இற் கொழும்புப் பத்திரிகையொன்று மதிப்பிட்டது. இத்தொகையின் துல்லியம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவ்வழி ஒரு மயானமாக இருந்தது என்பதிற் கருத்து வேறுபாடில்லை.

கோப்பி சென்ற வழிக்கும் கூலி வந்த வழிக்கும் உள்ள கால இடைவெளியைக் கணக்கிடுதல் இங்கு பொருத்தமானது. துறைமுகத்தை நோக்கிய பாதைக்கு 1867இற் புகையிரதம் கிடைத்தது. மன்னார்ப் பக்கத்திலிருந்து வரும் பாதைக்குப் புகையிரதம் கிடைத்தது 1914இல். இடையே 47 ஆண்டுகள். இக்காலத்தில் இரும்புப் பாதை அமைக்கும் நுட்பம் இந்நாட்டில் இல்லாதிருக்கவில்லை. இல்லாதிருந்தது அவசரமே. மூட்டை வழியில் நனைந்தால் நட்டம் துரைக்கு. தொழிலாளி வழியில் இறந்தால் நட்டம் கங்காணியின் கணக்கிலும் இறந்தவரின் குடும்பத்திலும் விழுந்தது. மூலதனம் தனக்கு நட்டமேற்படும் இடத்திலேதான் வேகத்தைத் தேடுகின்றது.

மேலும், அவ்வழிநடைக்கான செலவு தொழிலாளியின் பெயரிலேயே பற்றாக எழுதப்பட்டது. தோணிக் கூலி, வழிச்சோறு, கம்பளி யாவும் முன்பணமாயின. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்கு மாற விரும்பியவரின் கடன் 'துண்டு' என்ற சீட்டில் எழுதப்பட்டது. அக்கடனை ஏற்கும் தோட்டமே அவரையும் ஏற்றது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழிக்கும் வரை, நடந்து வந்த தூரத்திற்கான விலையை நடந்தவரே ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தீர்த்தார். தோட்டத்தை அடைந்த பின் அவருடைய காலம் தப்பின் ஓசைக்குக் கட்டுப்பட்டது. விடியற் பெரட்டுக்குப் பிந்தியவருக்கு அரைப் பெயர். மாதக்கணக்கில் வழியில் அலைந்தவரின் நேரத்துக்கு மதிப்பில்லை. அதே மனிதர் பெரட்டுக் களத்திற்குச் சில நிமிடம் பிந்தினால் அரைநாட் சம்பளம் போயிற்று.

இவ்வனுபவத்தின் இலக்கியப் பதிவுகள் ஒரே பக்கத்திலிருந்து எழுந்தவையல்ல. ஆபிரகாம் ஜோசேப் இயற்றி 1869இல் வெளிவந்த 'கோப்பிக் கிருஷிக் கும்மி' கோப்பிச் செய்கையைத் தோட்ட நிருவாகத்தின் கண்கொண்டு நோக்குவது. கும்மி என்னும் மக்கள் வடிவம் அங்கு துரைமாரின் தொழிலுக்குப் பணிசெய்கின்றது. இதற்கு மாறாக, சி. வி. வேலுப்பிள்ளை அரிதின் முயன்று தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களிலே நாம் கேட்பது நடந்தவரின் குரல். தமிழகத்திலிருந்து நோக்கிய புதுமைப்பித்தன் 'துன்பக் கேணி'யில் இலங்கைத் தோட்டத்திற்குச் சென்ற ஒரு பெண்ணின் வாழ்வைக் கதையாக்கினார். 'கண்டிச் சீமை' என்ற தொடர் இம்மக்களின் வழக்கிலே ஒரு நகரத்தைக் குறிப்பதன்று. மலைத் தோட்டங்கள் யாவற்றையும், அவற்றின் எட்டாத் தொலைவையும் சேர்த்தே அது குறித்தது. நிலப்படத்திலே கண்டி இருக்குமிடம் வேறு. வாய்மொழியிலே கண்டிச் சீமை இருக்குமிடம் வேறு.

5

19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கொள்ளைநோய் அச்சத்தால் வடபாதை மூடப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து நீராவிக் கப்பலிற் கொழும்புக்கு வருவது தொழிலாளரின் வழியாயிற்று. 1914இற் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் திறக்கப்பட்டபோது, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட 22 மைல் கடலைக் கப்பல் கடக்க, இரு கரையிலும் புகையிரதம் காத்து நிற்கும் ஏற்பாடு உருவாயிற்று. சென்னையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய இரண்டு இரவும் ஒரு பகலும். கண்டிக்குச் செல்வோர் பொல்காவலையில் வண்டி மாறினர். மலையகத்தார் 'கோச்சி' எனும் புகையிரதம் முதன்முறையாக ஊரையும் தோட்டத்தையும் ஒரே தொடரில் இணைத்தது.

இது பெரும் மாற்றமே. அதனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. இதன் பின்னரே தொழிலாளர் பொங்கலுக்கும் சாவுக்கும் ஊர் சென்று திரும்பும் நிலை ஓரளவேனும் தோன்றிற்று. பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் சங்கக் கருத்தும் இதே வண்டியில் வந்தன. ஆளும் வர்க்கம் தன் தேவைக்கு இடும் பாதையில் அதன் எதிர்ப்பும் பயணஞ் செய்கின்றது. இஃது இயங்கியலின் நியதி.

ஆயினும் வேகம் இங்கும் வகுப்புவாரியாகவே பங்கிடப்பட்டது. தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளர் மண்டபம் முகாமிலே சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்டு, நோய்த்தடுப்புச் சோதனைக்குட்பட்ட பின்னரே கப்பலேறினர். ஒரே கப்பல், ஒரே தண்டவாளம். ஆனால் மேல்வகுப்புப் பயணிக்கு ஒன்றரை நாளாக இருந்த வழி, முகாமிற் கிடந்தவருக்கு ஒரு வாரத்தையும் அண்மித்தது. நேரத்தை நிருணயித்தது இயந்திரமன்று. பயணச்சீட்டின் நிறமும் பயணியின் தொழிலுமே.

6

இனி வானத்தை நோக்குவோம். 1935 நவம்பரில் இரத்மலானையில் இறங்கிய முதலாவது விமானம் சென்னையிலிருந்தே வந்தது. சென்னைப் பறப்புக் கழகத்தின் பயிற்சியாளரான ரின்டேல்-பிஸ்கோ அதனைச் செலுத்தினார். 1938இல் டாட்டா நிறுவனத்தின் விமானத் தபாற் சேவை சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்புவரை நீடிக்கப்பட்டது. ஆக, வானிலும் முதலில் விரைந்தது கடிதமே. கொழும்புத் தேயிலைத் தரகரின் செய்தியும் இலண்டன் கம்பனியின் கட்டளையும் விரைந்தன. அடுத்த ஆண்டு, 1939 ஓகஸ்டில், இலங்கை அரசின் இந்தியத் தொழிலாளர் விரோத நடவடிக்கைகளுக்குப் பதிலாக இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தது. கடிதத்திற்கு வானம் திறந்து ஈராண்டு கழிவதற்கிடையில் உழைப்பாளருக்குக் கடல் மூடப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் பறப்புத் தூரத்தின் எல்லையை நம் நாட்டிலிருந்தே விரித்தது. 1943 முதல் 1945 வரை காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவியிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்குக் குவான்ராஸ் நிறுவனத்தின் கற்றலீனா நீர்விமானங்கள் இடைநில்லாது பறந்தன. தூரம் 5,600 கிலோமீற்றருக்கு மேல். பறப்பு நேரம் 27 முதல் 33 மணித்தியாலம் வரை. எரிபொருளின் பாரத்தால் மூன்று பயணிகளுக்கும் சிறிதளவு தபாலுக்குமே இடமிருந்தது. வழியில் இருமுறை சூரிய உதயத்தைக் கண்டமையால் அது 'இரட்டைச் சூரியோதயச் சேவை' எனப் பெயர்பெற்றது. பயணிகளுக்கு அதற்கென நறுக்கு ஒன்றும் வழங்கப்பட்டது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவில் அமைந்தது. பர்மா, மலாயா போர்முனைகளின் கட்டளைகள் மகாவலியின் கரையிலிருந்து வானேறின. அப்பூங்காவிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள தோட்டங்களில் இரட்டைச் சூரியோதயம் கண்டவர் எவருமிலர். அங்கு ஒவ்வொரு சூரியோதயமும் ஒரு பெரட்டு.

1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதலாவது சேவை தொடங்கிற்று. 'சீதாதேவி' எனப் பெயரிடப்பட்ட டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குப் பறந்தது. கடல் கடத்தப்பட்டு இலங்கையிற் சிறைவைக்கப்பட்டவளின் பெயரைத் தாங்கிய விமானம் தமிழகத்துக்குச் சில மணித்தியாலங்களிற் சென்றுசேர்ந்தது. ஓராண்டு கழியுமுன்னரே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. நாடற்றவருக்குக் கடவுச்சீட்டு இல்லை. கடவுச்சீட்டு இல்லாதவருக்கு விமானத்தின் வேகம் எதுவாயினும் தூரம் ஒன்றே. அது கடக்கவொண்ணாத் தூரம்.

7

1964 ஒக்டோபர் 30இற் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பேரம் பேசியோர் விமானத்திற் சென்று திரும்பினர். பேரம் பேசப்பட்டோர் சென்றது கோச்சியிலும் கப்பலிலும். ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரு மாதம் நிரம்புமுன்னர், 1964 டிசம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிற்று. கண்டியிலும் மாத்தளையிலும் நாவலப்பிட்டியிலும் கோச்சி மேடைகளில் எழுந்த ஒப்பாரி மலையகத்தின் கூட்டு நினைவில் இன்றும் உள்ளது. பாட்டன் இரு வாரம் நடந்து வந்த வழியைப் பேரன் ஓரிரவிற் கடந்தான். ஆனால் பாட்டனுக்குத் திரும்பும் வழி, கோட்பாட்டளவிலேனும், திறந்திருந்தது. பேரனுக்கு இருந்ததோ ஒருவழிச் சீட்டு. வேகம் கூடிற்று, திரும்பும் உரிமை குறைந்தது.

1984இற் போர்ச்சூழலிற் கப்பற் சேவை நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் புறப்படமுடியாது தோட்டங்களில் நின்றுவிட்டோர் பல்லாயிரவர். நீலகிரியிலும் பிறவிடங்களிலும் குடியேறியோருக்கும், கண்டியிலும் மாத்தளையிலும் எஞ்சிய உறவினருக்கும் இடையிலே ஏழைக்கென இருந்த ஒரே வழி அறுந்தது. இவ்விடத்திலேதான் நம் விடயத்தின் மையமான முரண்பாடு வெளிப்படுகின்றது. 1984க்குப் பின் விமானங்கள் பெருகின; கட்டுநாயக்க விரிவடைந்தது; சென்னைக்கும் திருச்சிக்கும் பறப்பு நேரம் ஒரு மணித்தியாலமளவாயிற்று. புள்ளிவிவரத்தின்படி தமிழகமும் கண்டியும் முன்னெப்போதையும் விட அண்மித்தன. ஆனால் விமானச்சீட்டு வாங்கவியலாத குடும்பத்திற்கு, 1983இல் ஓரிரவுத் தொலைவிலிருந்த தங்கை 1985இல் எட்டாத் தொலைவுக்குச் சென்றுவிட்டாள். தாயின் சாவுச் செய்தி தந்தியில் வந்தது, மகன் போகவில்லை. 2011இற் சில மாதங்கள் நீடித்த கொழும்பு–தூத்துக்குடிக் கப்பலை விட்டால், 2023 ஒக்டோபரில் நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கும் வரை ஏறக்குறைய நாற்பதாண்டுகள் வானமே ஒரே வழியாக இருந்தது. விரைவான வழி ஒன்று தோன்றுவதால் மட்டும் தூரம் குறைவதில்லை. மலிவான வழி மறையும்போது, விரைவான வழி இருந்தும் தூரம் கூடும்.

8

எனினும் மலையகத் தொழிலாளர் ஈற்றில் விமானமேறினர். எவ்வாறு ஏறினர் என்பதே கருதற்பாலது.

1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. 1990களில் இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குச் சென்றோருட் பெரும்பான்மையினர் பெண்கள். அவர்கள் பெரும்பாலும் வளைகுடா நாடுகளிலே வீட்டுப் பணியாளராயினர். குடியுரிமைச் சான்றும் அடையாள அட்டையும் இல்லாத தோட்டப் பெண்கள் இவ்வழியிற் பிந்தியே சேர முடிந்தது. நாடற்ற நிலையை முற்றாக முடிவுக்குக் கொணர நோக்கிய சட்டம் 2003இலேயே வந்தது. 1948 முதல் 2003 வரை 55 ஆண்டுகள். டுபாய்க்குப் பறப்பு நேரம் நாலரை மணித்தியாலம் எனக் கூறுவோர், ஒரு தோட்டப் பெண்ணைப் பொறுத்தவரை அந்த 55 ஆண்டுக் காத்திருப்பையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

அவளுடைய பயணத்தை உற்று நோக்குவோம். கேவாகெட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கண்டி நகருக்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். கண்டியிலிருந்து கட்டுநாயக்கவிற்கு நூறு கிலோமீற்றரளவான வழியிற் பேருந்தில் மூன்று மணித்தியாலத்திற்கு மேல். விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலக் காத்திருப்பு. 3,290 கிலோமீற்றரைக் கடக்கும் நேரத்தினும், முதல் நூற்றுச் சொச்சம் கிலோமீற்றரைக் கடந்து விமானத்தில் அமரும் நேரமே கூடியது. பொல்கொல்லை நீர்த்தேக்கத்திலே உல்லாசப் பயணிகளை இறக்கிய நீர்விமானங்கள் இதே மலைகளின் மேலாகப் பறந்தவைதாம். தோட்டத்துப் பாதைகளோ மழைக்கு மழை கரைகின்றன.

பழைய முறையின் சாயலும் மறையவில்லை. கங்காணியின் இடத்திற் கிராமத்து உபமுகவர். தோணிக்கூலி முன்பணத்தின் இடத்தில் முகவர் நிலையம் குடும்பத்திற்குக் கொடுக்கும் முன்பணம். துண்டின் இடத்தில் எசமானன் வைத்துக்கொள்ளும் கடவுச்சீட்டு. இவ்வொப்புமையை இயந்திர ரீதியாக வலியுறுத்துதல் தவறாகும். இன்றைய பெண் கூலிக்கணக்கு அறிந்தவள், கையிற் பேசியுடையவள், அனுப்பும் பணத்தால் லயத்துக்கு வெளியே ஒரு வீட்டுக்கு அத்திவாரமிடுபவள், பெரட்டுக் களத்திலிருந்து விலகுவதை ஒரு விடுதலையாகவே காண்பவளும் உண்டு. ஆனால் அவள் எப்போது செல்வாள், எப்போது திரும்புவாள் என்பதைத் தீர்மானிப்பது விமான அட்டவணையன்று, ஒப்பந்தமே. நாலரை மணித்தியாலத் தொலைவிலுள்ள குழந்தையைக் காண அவள் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் காத்திருக்கின்றாள். 2020 மார்ச்சிற் பெருந்தொற்றுக் காரணமாகக் கட்டுநாயக்க வருவோருக்கு மூடப்பட்டது. தொழிலிழந்து வளைகுடாவில் நின்றோர் பலர் மாதக்கணக்கில் நாடு திரும்ப முடியாது தவித்தனர். 3,290 கிலோமீற்றர் என்ற எண் அப்போதும் மாறவில்லை.

9

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் ஒழுங்கு புலனாகின்றது. கண்டியின் வரலாற்றிலே விரைவான வழி முதலிற் பண்டத்திற்கும், பின்னர் கடிதத்திற்கும், அதன் பின்னர் துரைக்கும் கனவானுக்கும், கடைசியில் உழைப்பாளருக்கும் திறந்தது. உழைப்பாளருக்குத் திறந்தபோதும், அவரே ஏற்றுமதிப் பண்டமாகிய நிலையிலேயே திறந்தது. 1867இற் கோப்பி பெற்ற சலுகையைத் தேயிலைக் கொழுந்து பறித்தவரின் பேத்தி தன்னையே சந்தைக்கு அனுப்பிய போதுதான் பெற்றாள்.

இதிலிருந்து விமானமோ புகையிரதமோ தீயன என முடிவுசெய்தல் பிற்போக்கானது. கண்டி மன்னரின் முட்கதவுகளுக்குத் திரும்பிச்செல்ல எவரும் விரும்பார். வேகம் மனித உழைப்பின் விளைவு. அது மனிதர் யாவர்க்கும் உரியது. நம் கோரிக்கை எளிதானது. தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்திற்கும் இடையே ஏழை செல்லக்கூடிய கப்பல் வேண்டும். 2015 முதல் தலைமன்னார்த் துறைவரை புகையிரதம் மீண்டும் ஓடக்கூடிய பாதை உண்டு. கடலின் மேல் எஞ்சியிருப்பது 1914இல் இருந்த அதே சிறு இடைவெளிதான். தோட்டத்திற்கும் நகருக்கும் இடையே மழைக்கு நிற்கும் பாதை வேண்டும். வெளிநாட்டிற் பணிபுரிபவள் தன் கடவுச்சீட்டைத் தன் கையில் வைத்திருக்கும் உரிமை வேண்டும். இம்மூன்றும் கிடைக்கும் நாளிலே, திருச்சிக்கு ஒரு மணித்தியாலம் என்னும் கூற்று கண்டிச் சீமையின் லயங்களிலும் உண்மையாகும்.